உழவு மெசின் வெளிச்சத்தில் ஒரு கலியாணப் படம்

என் கணவர் கிளிநொச்சியில் ஒரு சிறிய போட்டோ ஸ்ரூடியோ வைத்திருந்தார். கலியாண வீடுகளுக்குப் போகும்போது வெளிச்சம் பிடிக்க ஓர் ஆள் அவரோடு போவார். ஒரு கார்த்திகையில் அந்த ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டார். விசுவமடுப் பக்கம் ஒரு குடியேற்றக்காரர் வீட்டில் விடியற்காலை முகூர்த்தம். வேறு ஆள் தேட நேரமில்லை. நீர் வாரும், பொம்பிளைப் பகுதிக்கும் உதவியாய் இருக்கும் என்றார் என் கணவர். அதற்கு முன் அந்த வெளிச்சக் கருவியை நான் தொட்டதுகூட இல்லை.

கிண்ணம் போன்ற ஒரு தகட்டின் நடுவில் கண்ணாடி பல்பு ஒன்றைச் செருக வேண்டும். அது ஒரே தடவை பளீரென்று எரிந்து கருகிப் போகும். அடுத்த படத்துக்கு வேறு பல்பு. எரிகிற நேரத்தில் ஒரு மழைத்துளி பட்டாலும் வெடித்துச் சிதறிவிடும் என்று அவர் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் வண்டிலுக்குள் பல்புப் பெட்டியை மடியில் வைத்து, சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு இருந்தேன். வண்டில் பள்ளத்தில் விழுந்து எழும்பும்போதெல்லாம் உள்ளே ஏதோ நொறுங்குவது போலவே எனக்குக் கேட்டது.

வீடு சின்னது. அதனால் முற்றத்தில் கிடுகுப் பந்தல் போட்டு, மேலே மழை ஒழுகாமல் தார்ப்பாய்ப் படங்கு விரித்திருந்தார்கள். படங்கில் மழைத் தண்ணீர் தேங்கித் தேங்கித் தொங்கியது. இரண்டு பேர் நீளத் தடிகளால் அதை உயர்த்திவிட, தண்ணீர் ஓரத்தால் கொட்டியது. தூக்கியிருந்த பெற்றோல்மாக்ஸ் விளக்குகளில் ஒன்று மழைத்தூறல் பட்டு ஏற்கெனவே உடைந்துபோயிருந்தது.

பல்புகள் ஈரம் பிடிக்காமல் இருக்க அடுப்படியில் கொண்டுபோய் வையும் என்றார் கணவர். குசினி முற்றத்தின் ஓரத்தில் தனிக் கொட்டிலாக இருந்தது. அங்கே மணப்பொம்பிளையின் தாய் அடுப்பின் முன்னால் இருந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து காணி எடுத்து வந்த முதல் வருஷமே கணவனைப் பாம்பு தீண்டிவிட்டது. அதற்குப் பிறகு வயலைத் தனியே செய்து மகளை வளர்த்தவள். மகளைத் தாரை வார்த்துக் கொடுப்பதற்கு அவளுடைய தமையனும் தமையன் மனைவியும் வந்திருந்தார்கள். அவள் பல்புப் பெட்டியை வாங்கி, அடுப்புக்கு அதிகம் கிட்டவும் இல்லாமல் தூரவும் இல்லாமல் வைத்துவிட்டு, என் கையைப் பிடித்தாள்.

"தாலி கட்டேக்கை நான் அங்கை நிக்கக்கூடாது, தங்கச்சி. படத்திலைதான் பாக்கோணும். அந்த ஒரு படம் பிழைச்சுப்போகாமல் பாத்துக்கொள்ளுங்கோ."

ஓம் அக்கா என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அதுவரை எனக்கு இருந்தது மழைப் பயம். அதற்குப் பிறகு அந்த ஒரு படத்தின் பயம்.

வெள்ளத்தில் வீதி மூடுண்டதால் மாப்பிள்ளை வீட்டார் உழவு மெசினுக்குப் பின்னால் பூட்டிய பெட்டியில் ஏறி வந்தார்கள். பந்தல் வாசலில் மாப்பிள்ளைக்குத் தோழன் கால் கழுவினான். நான் ஒரு கையில் குடையும் மறுகையில் வெளிச்சமுமாகப் பக்கத்தில் நின்றேன். கணவர் படத்தை எடுத்த அதே நேரம் யாரோ தடியால் படங்கை உயர்த்தினார். தண்ணீர் குடையின்மேல் கொட்டித் தெறித்தது. துவக்கு வெடித்தது போல ஒரு சத்தம். பல்பு சிதறிவிட்டது. ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் மாப்பிள்ளையின் தலைப்பாகை மடிப்பில் ஒரு கண்ணாடித் துண்டு மின்னிக்கொண்டு நின்றது.

மாப்பிள்ளையின் தாய்மாமன் அதை இரண்டு விரலால் எடுத்து எல்லாருக்கும் தெரியும்படி பிடித்தார்.

"உந்த வெளிச்சம் இனி மணவறைக்குக் கிட்டவும் வரக்கூடாது."

பெண்கள் பக்கத்தில் சகுனம் என்ற கதை மெல்ல எழும்பியது. கணவர் மிச்சம் இருந்த விளக்குகளைப் பார்த்தார். இந்த வெளிச்சத்தில் ஒரு முகமும் விழாது என்று என் காதுக்குள் சொன்னார். உள்ளே ஐயர் பொம்பிளையை அழைக்கச் சொல்லிவிட்டார். எனக்குக் குசினிப் பக்கம் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

அப்போதுதான் கணவர் மழைக்குள் இறங்கி உழவு மெசினிடம் ஓடினார். மெசின்காரரோடு ஏதோ கதைத்தார். சற்று நேரத்தில் மெசின் உறுமிக்கொண்டு பந்தலின் திறந்த பக்கத்துக்கு வந்து நின்றது. அதன் இரண்டு பெரிய லைற்றும் மழையை ஊடுருவி மணவறையில் விழுந்தன. மணவறையைத் தாண்டி, குசினிக் கதவுவரைக்கும் அந்த வெளிச்சம் போனது. மாமன் திரும்பிப் பார்த்தார், தடுக்கவில்லை. வெளிச்சம் தூரத்தில்தானே நின்றது.

ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததால் நிலம் அதிர்ந்தது. கால் மூன்றையும் விரித்துக் கமெராவை நிறுத்தியும் அது நடுங்கியது. தாலி கட்டும் நேரம் மட்டும் நிப்பாட்டுங்கோ என்று என் கணவர் கேட்டார்.

"நிப்பாட்டினால் லைற் மங்கிப்போகும். பற்றறி பழசு," என்றார் மெசின்காரர்.

"கொஞ்ச நேரம் தாங்குமோ?"

"தாங்கினால் உங்கடை அதிர்ஷ்டம்."

முதல் முடிச்சோடு ஒரு மூச்சு நேரம் அசையாமல் இருக்கும்படி மாப்பிள்ளையிடம் தோழன் மூலம் சொல்லி அனுப்பினோம். பொம்பிளையிடம் சொல்ல எங்களுக்கு வழி கிடைக்கவில்லை. நான் கமெராவின்மேல் குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். கெட்டிமேளம் எழுந்தது. மெசின் நின்றது. வெளிச்சம் வெள்ளையிலிருந்து மஞ்சளாக இறங்குவதை நான் கண்ணால் கண்டேன். மாப்பிள்ளை தாலியோடு சிலை போல இருந்தான். கணவர் மூச்சைப் பிடித்து விசையை அழுத்தினார். அந்த நேரம் பார்த்து, குனிந்திருந்த பொம்பிளை தலையை நிமிர்த்திப் பக்கவாட்டில் பார்த்தாள்.

படம் விழுந்ததா என்று வீட்டுக்கு வரும் வழியில் எத்தனையோ தடவை கேட்டேன். கழுவினால்தான் தெரியும் என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. கிணற்றுத் தண்ணீர் மழையில் கலங்கிக் கிடந்தது. அதைத் துணியில் வடித்து வடித்துக் கொடுத்தேன். ஈரக் காற்றில் பிலிம் காய மாட்டேன் என்றது. காய்ந்து, படம் காகிதத்தில் தெளிந்து வந்தபோது இருவரும் சிவப்பு விளக்கின் கீழ் குனிந்து பார்த்தோம்.

மாப்பிள்ளை தெளிவாக விழுந்திருந்தான். தாலியும் தெரிந்தது. பொம்பிளையின் முகம் மட்டும் அசைந்து, புகை போலக் கலங்கியிருந்தது. படத்தின் ஓரத்தில் குசினிக் கதவு. அதில் வெள்ளைச் சேலையோடு தாய் நின்றாள். கைகளைக் கூப்பியபடி, ஒரு துளியும் அசையாமல். அந்தப் படத்திலேயே மிகவும் தெளிவான முகம் அவளுடையதுதான்.

கணவர் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். பொம்பிளையின் முகம் இல்லாத தாலிப் படத்தை யாரிடம் கொடுப்பது? அதிலும் அந்த நேரத்தில் நிற்கக்கூடாதவள் அதில் நிற்கிறாள். மாமன் பார்த்தால் என்ன ஆகும்?

படங்களை வாங்கத் தாயும் மகளும் மருமகனும் சேர்ந்தே வந்தார்கள். நான் அதைக் கடைசியாகத்தான் எடுத்துக் கொடுத்தேன். தாய் பார்த்தவுடன் முகம் வெளுத்துப் போனாள். என்னை வெட்டிவிடுங்கோ, இப்பவே வெட்டுங்கோ என்று என் கணவரிடம் கெஞ்சினாள். மகள் படத்தை வாங்கி, தாயின் முகத்தில் விரலை வைத்தாள்.

"அம்மாவைத்தான் பாத்தனான்," என்றாள். "கதவடியிலை வெளிச்சம் விழுந்துது. திரும்பாமல் இருக்கேலாமல் போச்சு."

மருமகன் படத்தை வாங்கிப் பார்த்தான்.

"வெட்ட வேண்டாம். மாமி நிக்கட்டும். ஆரும் கேட்டால் நான் சொல்லிக்கொள்ளுறன்."

தாய் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டாள். நான் தேத்தண்ணி போடப் போனேன். வெளியே மழை கொஞ்சம் விட்டிருந்தது. படத்தைக் கடுதாசியில் சுற்றி, அதன்மேல் மெழுகுத்துணியும் சுற்றிக் கொடுத்தார் கணவர். மாமன் அறிந்தால் என்ன நடக்குமோ என்ற யோசனை மட்டும் அவர்கள் போன பிறகும் என்னை விடவில்லை.

மாப்பிள்ளையின் அந்த மாமன் அதன்பிறகு சில காலம் அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். அவர்களுக்குப் பிள்ளை பிறந்து, முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிக்கும் விருந்துக்குத்தான் வந்தாராம். சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனாராம்.