ஒரு சுவரை விட்டுவைத்தது

எங்கள் தெருவில் வீடுகள் தனித்தனியாக நிற்பதில்லை. ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டபடி நிற்கும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கத்து இருமல் இந்தப் பக்கம் கேட்கும். தென்காசி மாவட்டத் தலைநகர் ஆனபின் ஊர் நாலாபக்கமும் பெருத்தது, நடுவில் கிடந்த எங்கள் தெரு வற்றியது. வளைகுடாவில் இருப்பவர்கள் கார் நிறுத்த இடம் விட்டுப் புதிய வீடு கட்டினார்கள். போலீஸில் சேர்ந்தவர்கள் மாற்றலோடு போனார்கள். நானும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் குடிபோய்ப் பதினேழு வருடம். பூட்டிக் கிடந்த எங்கள் வீட்டின் மட்டப்பாவில், அந்தத் தட்டைக் கூரையில், ஆலங்கன்று வேர்விட்டு, ஒரு சாரல் காலத்தில் கைப்பிடிச்சுவர் தெருவில் விழுந்தது. நல்லவேளை, தெருவில் யாரும் இல்லை. நல்லவேளையா அது? தெருவில் யாருமே இல்லாததுதானே காரணம். நகராட்சியிலிருந்து கதவில் தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். இடித்துவிடு என்று.

இடிக்க இங்கே கூலி பேசுவதில்லை. வீட்டு மரம் இடிப்பவருக்கு, கல் வீட்டுக்காரருக்கு. அதுதான் வழக்கம். செங்கோட்டையிலிருந்து வந்த மேஸ்திரி உள்ளே நுழைந்ததும் சுவரையே பார்க்கவில்லை. அண்ணாந்து நின்றார்.

"உத்திரம் வேங்கை, அண்ணாச்சி. முழுசா எறங்குனா மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல கேட்டு வாங்குதாங்க."

"வீட்டுல உள்ள மரம் பூரா ஒங்களுக்கு" என்று, எல்லோரும் சொல்லும் வார்த்தையைச் சொன்னேன். அடுத்த வீட்டுக்குள் போய் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்பவர்கள் யாரும் பார்ப்பதில்லை, நானும் பார்க்கவில்லை.

மேலிருந்து இறக்கினார்கள். முதலில் மட்டப்பாவின் செங்கல், பிறகு குறுக்குக் கட்டைகள். நான் தினமும் காலையில் போய்விடுவேன், ஓரிடத்தில் நிற்க முடியாது. தெருமுனை வரை நடப்பேன், திரும்புவேன். உதட்டில் சுண்ணாம்பு ருசி. மூன்றாம் நாள் உத்திரத்தின் முனையை விடுவிக்க நடுச்சுவரில் காரையைக் கொத்தினார்கள். ஒரு சாண் உள்ளே போயும் மரம். இன்னும் ஒரு சாண். அங்கேயும் மரம்.

"ஏலே, நிப்பாட்டு!" மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, இந்த மரம் முடியவே மாட்டேங்கு."

இருவரும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினோம். அங்கே இருக்கும் அக்கா என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். கணவர் சவுதியில், மகள் கடையநல்லூரில் கட்டிக்கொடுத்த இடத்தில். தெருவில் இன்னும் அடுப்பெரியும் மிகச் சில வீடுகளில் அதுவும் ஒன்று. கூடத்தில் அதே உத்திரம், பச்சை வர்ணம் பூசி ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஓர் இரும்புக் கொக்கி. எப்போதோ ஒரே வீடாகக் கட்டி, பிறகு குறுக்கே சுவர் வைத்து இரண்டாக விற்றிருக்கிறார்கள். சுவர் ஏறிய இடத்தில் மரத்தை யாரும் அறுக்கவில்லை.

"இது எங்க உத்திரமுல்லா" என்றாள் அக்கா.

"எங்களதுந்தான், அக்கா."

"அடுத்த மாசம் மக பேறுகாலத்துக்கு வருதா தம்பி. அந்தக் கொக்கியிலதான் தொட்டில் போடணும்."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "மரம் பூரான்னு வாக்குக் குடுத்தாச்சே. ரெண்டா அறுத்தா வெறகு."

"அப்பம் ஒண்ணு செய்யும். உத்திரத்தோட என்னையும் லாரியில ஏத்திரும். ஓசியில செங்கோட்டை பாத்துட்டு வந்துருதேன்."

அவர் சிரித்துவிட்டார். சிரித்தபடியே சுவரைக் கைமுட்டியால் தட்டிப் பார்த்தார். சுவர் நின்றால் அறுக்கலாம் என்றார், அக்கா பக்கத்து உத்திரம் சுவர்மேல் உட்கார்ந்துகொள்ளும். சுவரையும் எடுத்தால் கூடத்துக் கூரை கீழே வரும். அந்தச் சுவர் என் பத்திரத்தில் இருந்தது. இடித்தபின் மனையை விற்கப் பேசியிருந்தேன், சுத்தமாகத் தருவதாக வாங்குகிறவரிடம் சொல்லியிருந்தேன். தெருமுனை வரை ஒரு நடை போய்வந்தேன்.

"செவரு நிக்கட்டும்" என்றேன். மரத்தின் நஷ்டத்துக்கு ஈடாக முற்றத்துக் கல்தூண் இரண்டையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன், வழக்கப்படி அவை என்னுடையவை. மேஸ்திரி அவற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "செரி" என்றார்.

மறுநாள் என் பக்கம் முட்டுக் கொடுத்து ரம்பம் போட்டார்கள். அந்தப் பக்கம் விரிசல் விடுகிறதா என்று பார்க்க ஒருவர் வேண்டும். நான் அக்காவின் கூடத்தில் நின்றேன். அக்காவை வெளியே போகச் சொன்னால் கேட்கவில்லை, சாயா போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். மரத்தின் வழியாக ரம்பம் பேசிக்கொண்டே வந்தது. நடுக்கம் கொக்கிக்கு இறங்கியது. மெல்லிய பொடி உதிர்ந்து சாயாவில் விழுந்தது. அக்கா வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தாள். நான் ஓதத் தெரியாமல் மூச்சை எண்ணினேன். பிறகு அந்தப் பக்கம் ஏதோ கனமாகத் தரையில் அமர்ந்தது. கொக்கி ஒருமுறை ஆடி நின்றது. கூரை இருந்தது.

"ம்" என்றாள். "இனி செவத்த யாரு இடிப்பா? நீங்க மனைய வித்துட்டா வாங்குதவன் இடிக்க மாட்டானா?"

அந்தக் கேள்வி இரண்டு நாள் என்னோடு நடந்தது. வாங்குகிறவரிடம் பேசினேன். இரண்டடி அகலம் குறைவதற்கு முகம் சுளித்தார், பின் ஒத்துக்கொண்டார். அக்காவைக் கூட்டிக்கொண்டு பத்திரம் எழுதுகிறவரிடம் போனேன்.

"வீடு குடுப்பாங்க, வயக்காடு குடுப்பாங்க. செவத்த மட்டும் தானமா எழுத வந்த ஆள இப்பந்தான் பாக்குதேன்" என்றார் அவர். "கெழக்க இந்தம்மா வீடு. சரி. மேற்க எல்லையில என்ன போட?"

அக்கா என்னைப் பார்த்தாள். எங்கள் வீடு என்றுதான் நாக்கு எழுந்தது.

"காலிமனை" என்றேன். எழுதிக்கொண்டார்.