ஆறு தட்டு அக்கா விருந்துக்குப் போனது

என் அக்காவை அவள் வேலை செய்யும் இடத்தில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ஆறு தட்டு' என்றால்தான் தெரியும். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ஊழியர் கேன்டீனில் இருபத்தாறு வருஷமாகப் பரிமாறுகிறாள். இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை மடிப்பு வரை நாலு பீங்கான் தட்டு, வலது கையில் இரண்டு, எல்லாம் நிறைந்த தட்டுகள். ஒரு சொட்டு சிந்தாது. கல்யாணமான புதிதில் நாலு தட்டுதான் தூக்கினேன், புருஷன் போன பிறகு ஆறாகிவிட்டது என்று ஒரு தடவை சொன்னாள். அவள் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே வேடிக்கைப் பேச்சு அதுதான். அதையும் கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னாள்.

விடியற்காலை நாலு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் ஐந்து மணிக்கு ராத்திரி டியூட்டி நர்ஸுகளுக்கு டீ கொடுக்க முடியும். மதியம் வீட்டுக்கு வந்ததும் வாளி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். தண்ணீர் ஆறினால் விழிப்பு வரும். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "இருக்கேன்" என்பாள். நான் துணிக்கடையில் தையல் மெஷின் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வாயடிக்கிறவள். கடவுள் எனக்கு வாயையும் அவளுக்குக் காலையும் கொடுத்துப் பாகப் பிரிவினையை முடித்துவிட்டான்.

அந்தக் கேன்டீனில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்த பெண் யாராவது தட்டைப் போட்டு உடைத்தால் அவளை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பழைய ஆளென்றால் திட்டோடு போகும். அதனால் சத்தம் கேட்டு மேலாளர் ஓடிவருவதற்குள் பழைய ஆள் ஒருத்தி முன்னால் வந்து நிற்பாள். "என் கை பட்டது சார்" என்பாள். அவ்வளவுதான். யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. என் அக்கா இதை எத்தனை முறை சொல்லியிருப்பாளோ தெரியாது. கடைசியில் அந்த மேலாளரே அவளுக்குக் கை நடுக்கம் என்று முடிவு செய்து, நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஆறு தட்டு தூக்குகிறவளுக்குக் கை நடுக்கமாம். அவளும் போய் வரிசையில் உட்கார்ந்து தூங்கிவிட்டு வந்தாள்.

அவளுக்கு ஒரே மகள். எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லாத குரல் அந்தப் பெண்ணுக்கு. அக்காவுக்கோ ஒரே ஆசை. அவள் பரிமாறும் அதே கேன்டீனில் மகள் நர்ஸ் உடுப்பில் வந்து உட்கார வேண்டும், தான் கொண்டுபோய்த் தட்டை வைக்க வேண்டும். ஜன்னலோரம் எந்த மேஜை என்பதுகூட முடிவாகியிருந்தது. நர்ஸ் படிப்பில் சேர்த்தாள். இரண்டாம் வருஷத்தில் பெண் அதை விட்டுவிட்டு ஒரு விருந்து நாடகக் குழுவில் சேர்ந்துவிட்டாள். வருகிறவர்களைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்து, அவர்களைச் சுற்றியே நாடகம் நடத்துவார்கள். பாட்டும் உண்டு. பாடுகிறவர்களே பரிமாறவும் வேண்டும்.

அக்காவின் காதில் பாட்டு விழவில்லை, பரிமாறுவது மட்டும்தான் விழுந்தது. "நான் தூக்கினது போதாதா, நீயும் தட்டு தூக்கணுமா?" என்று கேட்டாள். மகளோடு அவள் கடைசியாகப் பேசியது அதுதான். எட்டு மாதம் ஓடிவிட்டது. அவள் பிடித்தால் உடும்புப் பிடி. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இவர்கள் இரண்டு பேருக்கும் பிடிவாதம் மட்டும் ஒரே அச்சில் வார்த்தது.

நடுவில் தூது போகிற வேலை சித்தியாகிய எனக்கு. போன மாதம் அந்தப் பெண் கடைக்கு வந்து இரண்டு டிக்கெட்டை மெஷின் மேல் வைத்தாள். குழு வெளியூர் கிளம்புகிறது, திரும்பி வர ஒரு வருஷம் ஆகும் என்றாள். "போறதுக்கு முன்னாடி அம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசினா போதும் சித்தி. திட்டினாக்கூடப் பரவாயில்ல" என்றாள். எனக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

மறுப்பாள் என்று நினைத்தேன். ஆனால் எனக்குப் பதில் சொல்லக்கூட அக்காவுக்குத் தெம்பில்லை, அதனால் வந்தாள். சனிக்கிழமை மதியக் காட்சி. வேலை முடிந்து வந்தவளை ஆஸ்பத்திரி வாசலிலேயே பிடித்து, உடுப்பை மட்டும் மாற்ற வைத்து பஸ் ஏற்றினேன். காலில் அதே ரப்பர் அடி வைத்த கறுப்பு ஷூ. போகும் வழியெல்லாம் விளக்கினேன். அது நிஜ ஹோட்டல் இல்லை, ஹோட்டல் மாதிரி நடிப்பார்கள், நாம்தான் அங்கே தங்கியிருக்கும் விருந்தாளிகள் மாதிரி, என்று. அவள் தலை ஆடியது. பஸ் குலுங்கினால் தூங்குகிறவர் தலையும் ஆடத்தான் செய்யும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

உள்ளே நுழைந்ததும் எனக்கே ஒரு கணம் குழம்பியது. சாவிகள் தொங்கும் வரவேற்பு மேஜை, பெட்டி தூக்குகிறவர்கள், மூலையில் பியானோ, வெள்ளை விரிப்புப் போட்ட முப்பது மேஜைகள். பெரிய மீசை வைத்த ஒருவர் ஹோட்டல் முதலாளியாம், மேஜை மேஜையாக விசாரித்துக்கொண்டு வந்தார். அறை வசதியாக இருக்கிறதா என்று அக்காவிடம் கேட்டார். அக்கா மரியாதையாக, "ரூம் எல்லாம் எடுக்கல சார், அஞ்சரை பஸ்ஸுக்குப் போயிடுவோம்" என்றாள். பக்கத்து மேஜைக்காரர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். என்னடி சிரிக்கிறார்கள் என்று அக்கா என்னைக் கேட்டாள். மறுபடி விளக்கினேன். அவள் நாற்காலியின் மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள் மகள் வந்தாள். கறுப்பு உடுப்பு, வெள்ளை ஏப்ரன், கையில் இரண்டு சூப் கிண்ணம். வேஷத்தில் இருக்கும்போது தெரிந்தவர்களைத் தெரிந்ததாகக் காட்டக் கூடாதாம், அங்கே சட்டம் அப்படி. பெற்ற தாயைப் பார்த்து, "சூப் வைக்கட்டுமா மேடம்?" என்றாள். குரல் மட்டும் லேசாகப் பிசிறியது. அக்கா அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். பெண் போன பிறகு என்னிடம், "கட்டைவிரல் கிண்ணத்துக்குள்ள போகுது" என்றாள். அதுவும் நல்லதுக்குத்தான், எதையோ கவனித்தாளே என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

விளக்கைக் குறைத்துப் பாட ஆரம்பித்தார்கள். மேஜைகளுக்கு நடுவில் ஓடிப் பாடினார்கள், மாடிப்படியில் சண்டை போட்டார்கள், ஒரு காதல் ஜோடி எங்கள் ரொட்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டே போய்விட்டது. நன்றாகத்தான் இருந்தது. இத்தனை கூத்துக்கும் நடுவில் என் அக்கா, சூப்பைத் தொடாமல், நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். இருபத்தாறு வருஷத்தில் ஒரு சாப்பாட்டு ஹாலில் அவள் உட்கார்ந்தது அன்றுதான். உட்கார்ந்தால் தூங்கும் உடம்பு அது, அதற்கு வேறென்ன தெரியும். எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. கோபமும் வந்தது. ஒரு வார்த்தைக்காக அந்தப் பெண் காத்திருக்கிறாள், இவள் குறட்டை விடாத குறை.

அப்போதுதான் எங்களிடமிருந்து நாலு மேஜை தள்ளி, தட்டுகள் மொத்தமாக விழுந்து நொறுங்கின. நானே துள்ளிவிட்டேன். நடுவில் மகள் நிற்கிறாள், காலடியில் பீங்கான் துண்டுகள். மீசை முதலாளி விரலை நீட்டிக்கொண்டு அவள் மேல் பாய்ந்தார். ஹாலே அதிரும்படி கத்தினார். இன்றோடு உனக்கு இங்கே வேலை இல்லை, வெளியே போ என்றார். பெண் தலை குனிந்து நின்றாள். சுற்றிலும் இருநூறு பேர் முள்கரண்டியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பினால் பக்கத்து நாற்காலி காலி. தட்டு உடையும் சத்தத்துக்கு என் அக்காவின் கால் எழுந்துவிட்டது. கண் முழுதாகத் திறந்திருக்குமா என்பதே சந்தேகம். பிடிக்கக் கை நீட்டினேன், அகப்படவில்லை. அந்த ரப்பர் ஷூ சத்தமில்லாமல் நாலு மேஜையையும் தாண்டிவிட்டது. மகளுக்கும் முதலாளிக்கும் நடுவில் போய் நின்றாள். கையைக் கட்டிக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு மேல தப்பில்ல சார். என் கை பட்டது."

முதலாளி வேஷக்காரர் திறந்த வாயை மூட மறந்து நின்றார். பியானோக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் அதே இரண்டு கட்டைகளை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர் கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். நாடகத்தில் இதுவும் ஒரு கட்டம் என்று நினைத்திருப்பார்கள். மகள் மட்டும் தன் முன்னால் நின்ற முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாக்கியத்தின் கதையைச் சின்ன வயசிலிருந்து வெந்நீர் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் அவள். வேலை போன பெண் தனியாகப் பாடிக்கொண்டே வெளியேறுவதுதான் அடுத்த கட்டமாம். பாட்டு ஆரம்பித்தது, முதல் அடியிலேயே அவள் குரல் உடைந்துவிட்டது. நான் அழுதேன். சொல்வதில் எனக்கென்ன வெட்கம்.

அக்கா அதையெல்லாம் கவனிக்கவில்லை. மண்டியிட்டு, கைத்துடைப்புத் துணியில் ஒரு துண்டு விடாமல் பொறுக்கினாள். யார் காலிலாவது குத்திவிடும் அல்லவா. மூட்டையைத் தூக்கிக்கொண்டு நேராகச் சமையலறைக் கதவைத் தள்ளி உள்ளே போனாள். எந்தக் கட்டடத்திலும் அந்தக் கதவு அவளுக்குத் தெரியும்.

நான் பின்னாலேயே ஓடினேன். அது நிஜமான சமையலறை, நிஜமான ஆவி, பாத்திரம் கழுவுகிற இரண்டு பெண்கள், கரண்டியோடு ஒரு தலைமைச் சமையல்காரர். கொஞ்ச நேரத்தில் இடைவேளை விட்டார்கள். முதலாளி வேஷக்காரர் வியர்வையோடு வந்து மீசையைப் பிய்த்தெடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். எல்லாம் நடிப்பம்மா என்றார். அந்தத் தட்டுகளைக் காட்சிக்குக் காட்சி உடைப்பதற்கென்றே வாங்கி வைத்திருக்கிறோம் என்றும் சொன்னார். அக்கா அவர் கையிலிருந்த மீசையைப் பார்த்தாள். தட்டு மூட்டையைப் பார்த்தாள். வேண்டுமென்றே தட்டை உடைப்பார்கள் என்பதை நம்ப அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

பிறகு முகம் வெளுத்துவிட்டது. ஏண்டி சொல்லவில்லை என்று என்னைக் கேட்டாள். பஸ்ஸில் மூன்று தடவை சொன்னேன் என்றேன். அவள் கவிழ்த்துப் போட்டிருந்த பால் பெட்டி ஒன்றின் மேல் மெல்ல உட்கார்ந்தாள்.

"ஆட்டத்தையே கெடுத்துட்டேனே. என்னால அவ வேலை போயிடுமாடி?"

எட்டு மாதமாக எந்த வேலையின் பேரைச் சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாளோ, அந்த வேலை போய்விடுமோ என்று கை பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவோரம் மகள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. வந்து அம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"வேலையெல்லாம் போகாதும்மா" என்றாள். "தினமும் ரெண்டு காட்சி. ரெண்டுலயும் நான் தட்டப் போடறேன், அவர் கத்தறார். இத்தனை மாசத்துல ஒருத்தர்கூட எழுந்திருச்சதில்ல."

அக்கா அவள் முகத்தை அப்போதுதான் பார்த்தாள். உதட்டுச் சாயத்தையும் கலைந்த கண்மையையும் பார்த்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

"பசிக்குதுடி" என்றாள்.

மகள் எழுந்து தட்டு எடுக்கப் போனாள். அக்காவும் பழக்க தோஷத்தில் கூடவே எழுந்தாள். ஒருத்தி மற்றவளை உட்காரச் சொல்ல, இவள் அவளை உட்காரச் சொல்ல, அதற்குள் இடைவேளையே முடிந்துவிடும்போல் இருந்தது. ரெண்டு பேரும் உட்காருங்கள், நான் கொண்டு வருகிறேன் என்று அதட்டினேன். காய் நறுக்கும் மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். ஜன்னலோரம் இல்லை, நர்ஸ் உடுப்பும் இல்லை, பரிமாறப்போவதும் அக்கா இல்லை.

கோழியும் உருளைக்கிழங்கும் போட்ட இரண்டு தட்டு, அவ்வளவுதான். என் வாழ்நாளில் கையில் ஊசியைத் தவிர எதைத் தூக்கியிருக்கிறேன்? நாலு அடி வைப்பதற்குள் என் கட்டைவிரல் சுடுகிற குழம்புக்குள் போய்விட்டது. உதறினேன். ஒரு தட்டு தரையில் விழுந்து நாலாக உடைந்தது. இது நாடகத் தட்டு இல்லை, சமையலறைத் தட்டு. தலைமைச் சமையல்காரர் கரண்டியோடு திரும்பினார், அவர் கண்ணில் நடிப்பு இல்லை.

அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து அவள் மகள் எழுந்து நின்றுவிட்டாள்.

"என் கை பட்டது சார்."

சமையல்காரர் என்னவோ முணுமுணுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போய்விட்டார். அக்கா என் கையில் மிச்சமிருந்த ஒரு தட்டை வாங்கி மேஜைக்கு நடுவில் வைத்தாள். மகளின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"சாப்பிடு" என்றாள். "அடுத்த மணி அடிக்கறதுக்குள்ள சாப்பிட்டுடு. நின்னுக்கிட்டே இருக்கற வேலை."