கார் கதவில் ஒரு நீலக் கட்டம்

கார் ஷெட்டிலிருந்து டகடகவென்று சத்தம் வந்தது. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடிவிட்டுக் காது கொடுத்தாள். டப்பாவுக்குள் கோலிக்குண்டு உருளுகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சீறல்.

"என்னங்க, என்ன பண்றீங்க அங்க?"

பதிலுக்கு இன்னொரு 'ஸ்ஸ்ஸ்'தான் வந்தது. கிளட்ச் சார் ஏதோ வேண்டாத வேலையில் இறங்கிவிட்டார் என்று அர்த்தம்.

கிளட்ச் சார் அவள் கணவர்தான். டிரைவிங் பயிற்சிப் பள்ளிக் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "கிளட்ச்! கிளட்ச்ச மிதி!" என்று கத்திக் கத்தியே அந்தப் பெயர் வாங்கினவர். அவளோ மணப்பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள். அவள் கைபட்ட முகத்தில் பூச்சு எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று பெற்ற தாயாலும் சொல்ல முடியாது.

போய்ப் பார்த்தாள். முந்தாநாள் கேட் தூணில் உரசிக் கீறல் விழுந்த கதவின் முன்னால், கையில் ஸ்ப்ரே டப்பாவோடு அவர் நின்றிருந்தார். போன மாதம் பின்விளக்கு உடைந்தபோதே மகள் கறாராகச் சொல்லியிருந்தாள்: "இன்னொரு கீறல் பார்த்தேன், சாவி என் கைக்கு வந்துடணும்ப்பா." சாயங்காலம் அவள் வருகிறாள்.

"வா வா! கீறல் எங்கன்னு கண்டுபிடி பார்க்கலாம்" என்று கீறலைச் சுற்றி ஒட்டியிருந்த டேப்பை உரித்தார்.

கீறல் மறைந்திருந்தது. அதற்குப் பதிலாக, நாலு பக்கமும் வெட்டி வைத்தாற்போல ஒரு நீலக் கட்டம். கலர் நம்பர் என்னவோ ஒன்றுதான். ஆனால் கார் வெயிலில் நின்று நின்று வெளுத்திருந்தது. டப்பாவில் இருந்ததோ கார் பிறந்த அன்றைய நீலம்.

"ஏங்க, ஸ்டாம்ப் ஒட்டின மாதிரி இருக்கே!" என்று சிரித்தாள்.

"ஸ்டாம்ப்பா? எங்க?"

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்து, நிஜமாகவே தேடினார்.

அப்படியானால் தூணில் உரசியது கவனக்குறைவு இல்லை. இன்று தூண். நாளை ரோட்டைக் கடக்கிற யாராவது?

பெயின்ட் காயும்வரை காத்திருந்தாள். பிறகு அவர் விரலைப் பிடித்துக் கதவில் மெல்ல நகர்த்தினாள். கட்டத்தின் ஓரம் விரலில் இடறியது. அவர் தானாகவே இன்னொரு தடவை தடவினார். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்தது. அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எவ்வளவு நாளாங்க?"

"கொஞ்ச நாளாவே எதிர்ல வர்ற லைட்டெல்லாம் பூப்பூவா தெரியுது. கார் கண்ணாடிதான் அழுக்குன்னு தொடைச்சுக்கிட்டே இருந்தேன்." கையிலிருந்த டப்பாவை அவளிடம் நீட்டினார். "இத மறைச்சுடும்மா. பாப்பா பிடுங்கி நான் சாவியக் குடுத்ததா இருக்கக் கூடாது."

இனியும் ஓட்டப் போகிறாரா? அதைக் கேட்காமலே டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

ஷெட்டின் கதவு ஜன்னலையெல்லாம் திறந்து வைத்து, மூக்குக்குத் துணி கட்டிக்கொண்டாள். நனைத்த உப்புத்தாளால் கட்டத்தின் ஓரங்களைத் தேய்த்துக் கரைத்தாள். டேப்பே ஒட்டவில்லை. டேப் இருந்தால் கோடு விழும். ஒரு மணப்பெண்ணின் தாடையிலிருந்து கழுத்துக்கு இறங்குகிற மாதிரி, கை அசையத் தொடங்கிய பிறகே டப்பாவை அழுத்தினாள். கை நிற்பதற்கு முன்பே விரலை எடுத்தாள். ஒவ்வொரு பூச்சும் முந்தியதைவிட அகலம், முந்தியதைவிட மெல்லிசு. ஜன்னல் வெயிலில் நீலத் தூசி மிதந்தது. புது நீலம் பழைய நீலத்துக்குள் தூக்கம் போல இறங்கியது. மூடுபனிக்குள் நடப்பவள் போல அவள் நேரத்தை மறந்தாள். இப்படித்தானே இத்தனை வருஷமாக இந்த மனிதருக்குள் தானும் கரைந்துபோனோம் என்று தோன்றியது. எது அவர், எது அவள்? கோடு எங்கே? கண்ணில் நீர் முட்டியது. பெயின்ட் வாடைதான் என்று சொல்லிக்கொண்டாள்.

கடைசியாகப் பளபளப்புப் பூச்சும் காய்ந்தது.

சாயங்காலம் மகள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். வந்ததும் வராததுமாகக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அந்தக் கதவைத் தொட்டுக்கூடப் பார்த்தாள்.

"பரவாயில்லையேப்பா! பளிச்னு வெச்சிருக்கீங்க. சாவி தப்பிச்சுது."

கிளட்ச் சார் எழுந்தார். ஆணியில் தொங்கிய சாவியைத் துழாவி எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"என்னப்பா இது? நான்தான் கேக்கலையே!"

"அதான் குடுக்கறேன். வண்டிய எடுத்துட்டுப் போ. காலையில வந்து என்னைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ நீங்க?"

"வேலைன்னு நான் எப்போ ஸ்டியரிங் பிடிச்சேன்? பக்கத்து சீட்டுதானே என் இடம்."

மகள் அப்பாவை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு கார் கிளம்பியது. தெருமுனையில் கியர் ஒரு தரம் கரகரத்தது.

"கிளட்ச்ச மிதி" என்று அவர் முணுமுணுத்தார்.

அந்தி வெளிச்சத்தில் நீலக் கதவு திரும்பி மறைந்தது. கோடு எங்கேயும் தெரியவில்லை. கணவரின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய் அவள் வீட்டுக் கதவைச் சாத்தினாள்.