கழிப்பறை வாசலில் ஒரு வாத்து

மைசூரில் எங்கள் ஏரிப் பூங்காவில் ஞாயிறுதோறும் நான் வாலன்டியர். வழக்கமாகக் குப்பை பொறுக்குவேன்.

இன்று லேடீஸ் டாய்லெட்டுக்குள்ளிருந்து ஒரு அக்காவின் குரல். "யாராவது இருக்கீங்களா? இதைக் கொஞ்சம் விரட்டுங்களேன்."

வாசலில் ஒரு பெரிய வெள்ளை வாத்து. அக்கா கதவைத் திறந்தாலே கொத்த வருகிறது.

தோட்டக்காரர் மகாதேவண்ணா துடைப்பத்தோடு வந்தார். எங்கள் குழுத் தலைவி சுமதி மேடம் தடுத்தார். "அடிக்காதீங்கண்ணா. அன்பாப் பேசினா போயிடும்."

"அப்போ நீங்களே பேசுங்க மேடம்."

மேடம் பேசினார். வாத்து அவருடைய துப்பட்டாவைக் கவ்வி இழுத்தது.

அதன்பின் இருவரும் சமாதானமாகி, ஆளுக்கொரு முனையாகத் தார்ப்பாயைப் பிடித்து வாத்தை ஓரம்கட்டினார்கள். நான் கதவைத் தட்டியதும் அக்கா வெளியே வந்து ஒரே ஓட்டம். வாத்து தார்ப்பாய்க்கு அடியில் நுழைந்து நேராக என்னிடம் வந்தது.

இப்போது உள்ளே நான்.

"ஹெதர்பேடி, பயப்படாதீங்க மேடம். டீ குடிச்சிட்டு வந்துடறோம்," என்று கன்னடமும் தமிழுமாக எனக்குத் தைரியம் சொல்லிவிட்டு மகாதேவண்ணா கிளம்பினார். சுமதி மேடமும் கூடவே போய்விட்டார். நல்ல ஒற்றுமை.

வாத்து மட்டும் வெளியே காத்திருக்கிறது. அதனிடம் என்ன பேசலாம் என்று தெரிந்தவர்கள் சீக்கிரம் கமென்டில் சொல்லுங்கள், போனில் சார்ஜ் கம்மி.