அட்டையின் கடைசி வரி

என் பீரோவின் மேல் தட்டில், பழைய புடவைகளுக்கு அடியில், ஒரு தினசரி காலண்டரின் அட்டை இருக்கிறது. தாள்களை எல்லாம் கிழித்து முடித்த வெறும் அட்டை. அதன் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால், என் கையெழுத்தில், நான்கு வரிகள். முழு நாள், மாதம் நாலாயிரம். அரை நாள், இரண்டாயிரத்து ஐந்நூறு. மாலை ஆறரைக்கு மேல் ஆனால் அரை மணிக்கு முப்பது ரூபாய். இந்த மூன்றும் நீலத்தில். நாலாவது வரியைச் சிவப்பில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருக்கிறேன்: யாருக்கும் சலுகை கிடையாது. புடவை எடுக்கும்போது எப்போதாவது கையில் தட்டுப்படும். தொட்டதும் திரும்ப அடியில் தள்ளிவிடுவேன். ஆனாலும் தூக்கிப் போட மாட்டேன்.

கணபதி ஏரியாவில் நாங்கள் குடியிருந்த வீதியில், வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளை ஒரு அக்கா தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உறவில்லை, வீதிக்கே அவர் அக்கா. கணவர் இறந்த பிறகு ஆரம்பித்த பிழைப்பு. ஒரே மகள் பெருந்துறைப் பக்கம் நர்சிங் சேர்ந்திருந்தாள். அவள் படித்து முடித்து ஒரு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துவிட்டால் போதும், அதற்கப்புறம் மாதா பார்த்துக்கொள்வார் என்பதுதான் அக்காவின் மொத்தத் திட்டமும்.

பிள்ளை வளர்க்கத் தெரிந்த அளவுக்கு அக்காவுக்குக் காசு கேட்கத் தெரியாது. இரண்டு வயதுப் பிள்ளையிடமே "ஒரு வாய் வாங்கிக்குங்க சாமி" என்று கெஞ்சுகிறவர், பெரியவர்களிடம் எங்கே கறாராகப் பேசுவது? மாதம் எவ்வளவு என்று கேட்டால், "நீங்க பாத்துக் குடுங்க அம்மணி" என்பார். எங்கள் பக்கத்தில் இது மரியாதை. ஆனால் பார்த்துக் கொடுக்கச் சொன்னால் ஆட்கள் எதைப் பார்ப்பார்கள்? தங்கள் பர்ஸைத்தான் பார்ப்பார்கள். ஒருத்தி ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தாள். இன்னொருத்தி அதையும் குறைத்து, ஈடு கட்டுவதுபோல் ஒரு பழைய சேலையைக் கொடுத்தாள்.

நான் ஒரு பம்ப் பட்டறையில் கணக்கு எழுதுகிறவள். என் மகனையும் அக்காவிடம்தான் விட்டிருந்தேன். பார்க்கப் பொறுக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஐந்து பிள்ளைகள், தலைக்கு நாலாயிரம், ஆக இருபதாயிரம். வாடகை, பால், கேஸ், மளிகை எல்லாம் பன்னிரண்டாயிரம். மீதி எட்டாயிரத்தை மாதாமாதம் எடுத்து வைத்தால் மகளின் காலேஜ் ஃபீஸைக் கட்டிவிடலாம். இழுத்துப் பிடித்தால் சரியாக இருக்கும். வாயால் கேட்கத்தானே கூச்சம், அட்டை கேட்கட்டும் என்று எழுதி, மாதா படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினேன். நாலாவது வரியும் என் யோசனைதான். "இப்படி எழுதிப்போட்டா கோவிச்சுக்க மாட்டாங்களாங்க?" என்று அக்கா பயந்தார். "கோவிச்சா கோவிச்சுட்டுப் போறாங்க" என்றேன். அப்படி ஒரு வீராப்பு எனக்கு. ஆச்சரியம், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அட்டையைப் பார்த்தார்கள், கொடுத்தார்கள். மகளின் முதல் வருஷ ஃபீஸ் பாக்கியில்லாமல் கட்டியாயிற்று.

அடுத்த வருஷம் என் தலையில் இடி விழுந்தது. சொந்தமாக லேத் பட்டறை போட்டிருந்த என் கணவர் வட்டிக்கு மேல் வட்டிக்கு வாங்கி, ஒரு நாள் காலை திருப்பூர் போய் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனவர்தான். போன் சுவிட்ச் ஆஃப். கடன்காரர்கள் நான் வேலை செய்யும் பட்டறை வாசலுக்கே வந்து நின்றார்கள். சம்பளத்தில் பாதி வட்டிக்குப் போயிற்று. மகனுக்கு மூன்று வயது. வேலையை விட்டால் சோறு இல்லை. பிள்ளையை விட இடம் இல்லாவிட்டால் வேலையே இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணுவேன். எப்படி எண்ணினாலும் இருபதாம் தேதியோடு பணம் தீர்ந்துவிடும். பைத்தியம் பிடிக்காத குறை.

ஒரு சாயங்காலம், அந்த அட்டைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "அக்கா, கொஞ்ச நாளைக்கு மட்டும் ரெண்டாயிரத்து ஐந்நூறு..." என்று இழுத்தேன். அரை நாள் காசுக்கு முழு நாள். அக்கா என்னைச் சொல்லி முடிக்கவே விடவில்லை. "அதுக்கென்னங்க அம்மணி. தம்பி எங்கூட்டுப் பையனாட்டத்தானுங்க. வேற யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க, அவ்வளவுதானுங்க" என்றார். அந்த ஆயிரத்து ஐந்நூறு எந்த எட்டாயிரத்திலிருந்து கழிகிறது என்று அக்காவை விட்டால் உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தேதான் வாங்கிக்கொண்டேன்.

அதோடாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அக்காவிடம் பிள்ளையை விட்டிருந்த ஒரு பெண், தையல் யூனிட்டில் வேலை செய்கிறவள், பஸ் ஸ்டாப்பில் நின்று ஃபீஸ் கட்ட முடியவில்லை என்று கண்ணைத் துடைத்தாள். "கேட்டுப் பாருங்க, குறைப்பாங்க. எனக்குக் குறைச்சாங்க" என்று சொல்லிவிட்டேன். அடுத்தவர் பணத்தில் தாராளம் காட்டுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது! பத்தே நாளில் ஐந்து வீட்டுக்கும் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆகிவிட்டது. அக்கா யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. சொல்லத் தெரிந்திருந்தால் அட்டையே தேவைப்பட்டிருக்காது. அது பாட்டுக்கு ஆணியில் தொங்கியது. மாதம் எட்டாயிரம் மிஞ்சிய இடத்தில் ஐந்நூறு மிஞ்சியது.

ஈடு கட்ட அக்கா இன்னும் நான்கு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார். ஒன்பது பிள்ளைகள், ஒரே ஆள், ஒரு கூடம். ஒரு மத்தியானம் ஒரு பிள்ளைக்குக் கழுவிவிட்டு வருவதற்குள் என் மகன் கேட்டைத் திறந்துகொண்டு மெயின் ரோடு வரை போய்விட்டான். அடையாளம் தெரிந்த ஒரு ஆட்டோக்காரர் தூக்கிக்கொண்டு வந்து விட்டார். கீறல்கூட இல்லை. போன் வந்து நான் ஓடியபோது, வாசலில் மற்ற அம்மாக்களும் கூடியிருந்தார்கள். எல்லோர் முன்னாலும் கத்தினேன். "பாத்துக்க முடியாட்டி எதுக்கு இத்தனை பேரைச் சேத்தறீங்க? காசு ஆசையா?" என்று கேட்டேன். நான் கேட்டேன்!

அக்கா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அங்கேயே, அவர்கள் முன்னாலேயே, எதனால் ஒன்பது பேர் ஆனது என்று சொல்லியிருக்கலாம். "தப்புதானுங்க அம்மணி" என்றார்.

ஒரே வாரத்தில் எல்லோரும் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். நானும்தான். மாதக் கடைசியில் அக்கா வீட்டைக் காலி செய்துவிட்டுப் பவானியில் இருந்த தம்பி வீட்டுக்குக் கிளம்பினார். மகள் இரண்டாம் வருஷத்தின் நடுவில் படிப்பை நிறுத்திவிட்டாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என் மகனின் தலையணையும் மாற்றுத் துணியும் இருந்த பையை அக்கா என்னிடம் கொடுத்தார். உள்ளே அந்த அட்டையும் இருந்தது. "உங்க கையெழுத்து அழகா இருக்குதுங்க. குப்பையில போட மனசு வரலீங்க" என்றார். குத்திக் காட்டுகிற குரல் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மகன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. கடன் ஒரு வழியாக அடைந்துவிட்டது. பவானிக்கு பஸ் ஏறினால் அரை நாளில் போய்விட்டு வந்துவிடலாம். ஒருமுறைகூடப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

போன மாதம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மளிகை வாங்கி பில் போட நின்றேன். "ஏனுங்க, நல்லாருக்கீங்களா? தம்பி எப்படி இருக்கானுங்க?" என்றது குரல். அக்காவின் மகள். கடையின் பச்சைச் சட்டையைப் போட்டு, கழுத்தில் அடையாள அட்டையோடு, என் பருப்பையும் எண்ணெயையும் எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "நல்லாருக்காங்க. உங்க பேச்சு வராத நாள் இல்லீங்க" என்றாள். பிறகு பக்கத்து கவுண்டரை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "என்னோட ஸ்டாஃப் கார்டைப் போட்டுட்டேனுங்க. பத்து பர்சன்ட் குறையும். யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். பின்னால் வரிசை நின்றது. "சரி கண்ணு" என்றேன்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து அட்டையை எடுத்தேன். நீல வரிகள் மூன்றும் வெளுத்துவிட்டன. சிவப்பு வரியை இன்னும் நன்றாகவே படிக்க முடிகிறது. பில்லை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். குறைத்த தொகை நூற்று நாற்பது ரூபாய். அம்மாவிடமும் வாங்கினேன், இப்போது மகளிடமும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.