இறக்கி வைக்காத கொட்டு

“அக்கா, இதக் கொஞ்சம் கேளுங்க. புது பேண்டு.”

“எனக்கா? ஜி.எஸ்.டி. தவிர வேற ஒண்ணும் அக்கா கேக்க மாட்டாங்கன்னு ஆபீசு முழுக்கச் சொல்லிட்டு நடக்கது நீதானே?”

“அது சும்மா பறஞ்சது. நாட்டுப்பாட்டு அக்கா. உங்க ஊர்ப்பக்கக் கொட்டு மாதிரி இருக்கு.”

“பேண்டுக்குப் பேரு என்ன?”

“வேர்ப்பலா.”

“பலாப்பழத்தையும் விட்டு வைக்கல்லியா? கொண்டா.”

மலையாளத் தலைநகரின் தம்பானூர் பகுதியில் ஒரு லாட்ஜின் மேல்மாடியில் இருக்கிறது எங்கள் ஆடிட்டர் அலுவலகம். மதியச் சாப்பாட்டு நேரம். முத்தாரம்மாள் அக்கா என் இயர்போனில் ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு மோர்ச்சோற்றைப் பிசைந்தார். பாதிப் பாட்டில் கை நின்றது. இயர்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“இது மகுடம்லா. யாரு மக்ளே கொட்டுகா?”

“வினீத்னு ஒருத்தர். வித்துரா ஊர்க்காரப் பசங்க.”

“கோயில் கொடையில அம்மனைக் கூப்பிடுத கொட்டு இது. பாட்டுக்குள்ள கொண்டு வச்சிருக்கான்.” சோற்றை மறுபடி பிசையவில்லை. “இங்க எங்கயாவது வாசிப்பாங்களா?”

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம், மானவீயம் வீதில.”

“நீ போறியா?”

“தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு.”

“அப்பம் நானும் வாறேன். அவருட்ட மட்டும் துணி எடுக்கப் போறோம்னு சொல்லிக்கலாம்.”

அவர் என்றது கணவர் சுதீஷை. அதுவரை அக்கா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. பில்லில் தேதி திருத்தியிருந்தால், மானேஜரே சிரித்துக்கொண்டு விடச் சொன்னாலும், திருப்பி அனுப்பிவிடுவார்.

காரணத்தை ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் சொன்னார். பிறந்த ஊர் நாகர்கோவில் பக்கம். அங்கே முத்தாரம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் மகுடம் வேகமெடுக்கும்போது, கல்யாணத்துக்கு முன் வருஷந்தோறும் அக்காவுக்கு அருள் வரும். ஆடி முடித்ததும் அதே மகுடம் மெல்ல மெல்ல இறங்கும். பூசாரி அக்காவின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றித் திருநீறு பூசுவார். உடம்பு அடங்கும்வரை கொட்டுக்காரர் தோலிலிருந்து கையை எடுக்க மாட்டார்.

கல்யாணமான முதல் வருஷம் சுதீஷும் கொடைக்குப் போயிருக்கிறார். பிறந்தது முதல் இந்த நகரத்தில் வளர்ந்தவர். அக்காவுக்கு அருள் வந்ததைப் பார்த்துக் கோபப்படவில்லை, பயந்துவிட்டார். திரும்பி வரும்போது வழி முழுக்க அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “இனி நமக்கு இது வேண்டாம்” என்றாராம். பிறகு ஒரு டாக்டர், கொஞ்ச காலம் மாத்திரை. மாத்திரை சாப்பிட்டால் கண் எப்போதும் சொக்கும், கூட்டல் தப்பும். அக்கா அதற்குப்பின் கொடைக்குப் போகவில்லை.

“மாத்திரையால நின்னுதா, கொட்டு கேக்காததால நின்னுதா? ஒடம்பு சூக்கேடா, அம்மனா? எனக்கு அறியணும் மக்ளே. அம்மன் முன்னாடி இல்லாத இடத்துல ஒரு தடவை அந்தக் கொட்டைக் கேட்டுப் பாக்கேன்.”

மானவீயத்தில் மரங்களுக்குக் கீழே கூட்டம் நின்றது, பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். வினீத் மகுடத்தை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தான். வட்டமான சின்னத் தோல் கருவி, அதற்குள் அவ்வளவு சத்தம் இருக்கும் என்று பார்த்தால் தெரியாது. பக்கத்தில் ஒரு கிட்டார், ஒரு டிரம் செட். முதல் இரண்டு பாட்டுக்கும் அக்கா சும்மா நின்றார். எனக்குக்கூடப் பிடித்திருந்தது, காலால் தாளம் போட்டேன்.

மூன்றாவது பாட்டில் அந்தக் கொட்டு வந்தது. அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் கையில் தந்தார். தோள் நடுங்கியது. பிறகு கொண்டை அவிழ்ந்தது.

சுற்றி நின்றவர்களும் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. “சேச்சி பொளியாணல்லோ” என்று மலையாளத்தில் மெச்சினாள் ஒரு பெண். வட்டமாக விலகி இடம் விட்டு, தாளத்துக்குக் கைதட்டினார்கள். மகுடம் மேலே மேலே ஏறியது. உச்சத்தில் வினீத் கையைத் தூக்கினான், பாட்டு சட்டென்று நின்றது. அதுதான் அந்தப் பாட்டின் முடிவு, அப்படித்தான் அமைத்திருந்தார்கள். எல்லோரும் கூவினார்கள். கிட்டார்க்காரன் ஒரு காதல் பாட்டைத் தொடங்கினான்.

அக்காவின் உடம்பு நிற்கவில்லை. கொட்டு இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. இடுப்பைப் பிடித்து மதிலோரம் உட்காரவைத்தேன். யாரோ எலுமிச்சை சோடா நீட்டினார்கள். கையில் இருந்த பாட்டில் தண்ணீரை அவர் தலையில் ஊற்றினேன். மஞ்சளுக்கு எங்கே போவது?

“கூப்பிட்டுட்டு நிறுத்திட்டானே,” என்றார். “அனுப்பாம நிறுத்திட்டானே.”

மறுநாள் அலுவலகம் வந்தார். மேசைக்கு அடியில் வலது கால் ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருந்தது. “என்ன முத்தாரம்மாள், டான்ஸ் கிளாஸ்ல சேந்தாச்சா?” என்று மானேஜர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தார். கால் நிற்கவில்லை. சரியாக இருந்த ஒரு பில்லைத் தவறென்று திருப்பி அனுப்பினார். நான் பார்த்து அது அவருக்கு நடந்ததே இல்லை.

வீட்டில் சுதீஷ் காலைப் பார்த்தார். பழைய டாக்டருக்குப் போன் செய்து அடுத்த திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டாராம்.

“அவரு நல்லதுக்குத்தான் செய்யாரு,” என்றார் அக்கா அடுத்த நாள், சாப்பாட்டுப் பாத்திரம் கழுவும் இடத்தில். “ஆனா திங்கக்கிழமை மாத்திரை தொடங்குனா, இது எதனால அடங்கிச்சுன்னு எனக்கு ஒருக்காலும் தெரியாது. கொட்டி எறக்கி வச்சு அடங்குனா அம்மன். அடங்கல்லன்னா நானே மாத்திரையை முழுங்குகேன்.”

வேர்ப்பலா வரும் ஞாயிற்றுக்கிழமை வித்துராவில் வாசிப்பதாகக் காலையில் நான்தான் சொல்லியிருந்தேன். பேச்சு அதற்குத்தான் வருகிறது என்று புரிந்தது. தெரியாதவர்களிடம் போய்ப் பேச எனக்கு வராது, அதுவும் அவருக்குத் தெரியும். குழாயை மூடிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“எனக்கும் மலையாளம் பேச வரும். இதை மட்டும் யாருட்டயும் மலையாளத்துல சொன்னதில்ல. நீ ரெண்டு பாஷையும் படிச்சவ, பதமாச் சொல்லுவ. பாட்டை அவன் மாத்த வேண்டாம் மக்ளே, கைதட்டு வாங்கிக்கட்டும். ஆளுக போன பொறவு, எறக்குத கொட்டை மட்டும் எனக்காக ஒரு தடவை கொட்டச் சொல்லுவியா? மஞ்சத் தண்ணி நான் கொண்டு வாறேன். அவனுக்கு அந்தக் கொட்டு தெரியாதுன்னா, வாயால நான் சொல்லிக் குடுக்கேன்.”