பாலத்தில் நின்ற ஜீப்

துறைமுகச் சாலையில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் அவர். எதையும் வாயால் ஊதிப் பார்க்காமல் நம்பமாட்டார். இடுப்பளவு வெள்ளத்திலும் ஓடும்படி என் ஜீப்பைத் தயார் செய்தபோது, என்ஜினுக்குள் தண்ணீர் போகாதபடி கூரை உயரத்துக்கு ஏற்றிய காற்றுக்குழாயையும் கியர் பெட்டியிலிருந்து மேலே இழுத்த ரப்பர் டியூபையும் கன்னம் புடைக்க ஊதிப் பார்த்தார்.

அந்த மழைக்காலத்தில் வெள்ளம் வந்து வடிந்த மறுவாரம் வண்டியை அவரிடம் கொண்டுபோனேன். கியர் ஆயிலை இறக்கி விரலில் தேய்த்தார். தண்ணீர் புகுந்திருந்தால் பால் போல வெளுத்திருக்கும். தேன் மாதிரி இருந்தது.

“உங்க வேலைன்னா வேலைதான் அண்ணாச்சி” என்றேன்.

“வெள்ளத்தன்னைக்கு வண்டி எங்கன நின்னுச்சு சார்?”

“மேம்பாலத்துல ஏத்தி விட்டுட்டேன். நனைஞ்சிரக் கூடாதுல்லா.”

“ஆத்தூர்ல எந்தங்கச்சி கைப்புள்ளையோட ஓட்டு மேல ரெண்டு நாள் கெடந்தா. அதான் உங்களுக்கு அத்தனை தடவ போன் அடிச்சேன்.”

ஜீப்பைக் கேட்கத்தான் அடிக்கிறார் என்று தெரிந்துதான் அன்று நான் எடுக்கவில்லை. அவர்கள் என்ன ஆனார்கள் என்று இப்போதும் கேட்க வாய் வரவில்லை.

இறக்கிய ஆயிலையே திரும்ப ஊற்றி மூடினார்.

“மாத்த வேண்டாம் சார். புதுசாத்தான் இருக்கு.”